சோதித்தவர்: லக்சிகா இரத்தினசிங்கம்

லிட்கம், சிட்னி
12 மார்ச் 2012

அன்பின் லக்சிகா,

என்னுடைய மின்னஞ்சல் வந்து விழுந்ததும் தானாகவே குப்பைக்குப் போகும்படி நீ ஒழுங்கு செய்து வைத்திருக்கிறாய். அந்த வித்தையைப் பேராதனை வளாகத்தில் உனக்குக் காட்டித் தந்தவளே நான்தான், அதனால் எனக்குத் தெரியும். தொலைபேசியும் எடுப்பதில்லை. தபால்காரரை மட்டும் உன்னால் தடுக்க முடியாது என்ற தைரியத்தில் தாளை எடுத்திருக்கிறேன். பேனை பிடித்துப் பல வருடம். எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது, பொறுத்துக்கொண்டு வாசி.

உன் அப்பாவின் செத்தவீட்டுக்கு நான் வரவில்லை. பிழை அங்கேதான் தொடங்கியது. நீ அந்தச் சனிக்கிழமை அழைத்து, "அப்பா போயிட்டார், நஷ்வா" என்று சொன்னபோது அடுத்த பிளேனில் வருவதாகத்தான் சொன்னேன். திங்கட்கிழமை மனேஜர் கிரெக்கிடம் லீவு கேட்டேன். புதன்கிழமை வாடிக்கையாளருக்கு இயந்திரங்கள் போகவேண்டும், இந்தக் கிழமை மட்டும் முடியாது என்றார். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நேற்று ஸஃப்வான் என்னைப் பிடித்துக் கேட்டார்: "ஒரு வரி எழுதினதுக்கா அந்தப் புள்ள உன்னோட பேசாம இருக்குது?" ஆறு வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிற மனிதருக்கு என் வேலை என்ன என்று முதல்முறையாக உட்கார்ந்து விளங்கப்படுத்தினேன். ஒரு கணினியோ, எங்கள் கம்பனி செய்கிற, கார் நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கும் இயந்திரமோ, எதுவானாலும் அதற்குள் முதலில் எழும்பி மற்றதையெல்லாம் எழுப்புகிற மென்பொருளுக்குக் கெர்னல் என்று பெயர். வெளிவந்த கெர்னலில் பிழைகள் கண்டால் திருத்தங்களைச் சேர்த்து, இரண்டு கிழமைக்கு ஒரு தொகுதியாகப் யாரும் வாசிக்கக்கூடிய பொது மின்னஞ்சல் பட்டியலில் முன்னோட்டம் வைப்பார்கள். இரண்டு நாள் தவணை. அதற்குள் உலகத்தில் யாரும் அதைத் தங்கள் இயந்திரத்தில் ஓடக்கூடிய வடிவத்துக்கு பில்ட் பண்ணி, ஓட்டிப் பார்த்து, சரியென்றால் "சோதித்தவர்" என்று போட்டுத் தங்கள் பெயரை எழுதலாம். பழைய சின்ன புரொசசர் ஒன்றுக்கு நான் இங்கே பில்ட் பண்ணுவேன், லக்சிகா நோபல் பார்க்கில் அதே புரொசசர் உள்ள தன் சின்னக் கணினிப் பெட்டியில் ஏற்றி ஓட்டுவாள், அந்தப் பெட்டியை வைத்துச் சோதிக்கிற ஆள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான் என்றேன்.

கேட்டுவிட்டு, "அப்ப நிக்காஹ்வுக்குச் சாட்சி போடுற மாதிரி" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் இந்தத் தாளைத் தேடி எடுத்தேன்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை தொகுதி வந்தது. எங்கள் புரொசசருக்கு பில்ட் உடைந்தது. கெர்னலின் புதிய வரிசையிலிருந்து எடுத்த ஒரு திருத்தம், பழைய வரிசையில் இல்லாத ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. அந்தப் பெயரில் ஒன்றுமே செய்யாத வெற்று ஃபங்ஷன் ஒன்றை எழுதி வைத்தேன். இரண்டு வரி. பில்ட் ஓடியது. அதைப் பட்டியலுக்கு அனுப்பும்போது என் பெயரைப் போட்டேன். கீழே உன் பெயரையும் போட்டேன்.

மையத்து வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். பக்கத்து வீட்டார் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். உங்கள் ஆட்களிடமும் அந்த வழக்கம் இருக்கிறது. லிட்கமிலிருந்து நான் எந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வர? இரண்டு வருடத்துக்கு மேலாக ஐம்பத்தாறு வெளியீடு, ஒன்றைக்கூட நீ தவறவிட்டதில்லை. அப்பா போன கிழமையில் அது அறுந்துபோகக் கூடாது என்று நினைத்தேன். வரமுடியாத நான் உனக்குச் செய்ய ஏலுமான ஒரே வேலை இதுதான் என்று தோன்றியது.

சரியான திருத்தத்தை அடுத்த வெளியீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பட்டியலில் யாரும் இதைப் பற்றி இப்போது கேட்பதில்லை. இதை இப்படியே விடுவோம், லக்சி. தயவுசெய்து போனை எடு.

நஷ்வா


நோபல் பார்க், மெல்பேர்ண்
20 மார்ச் 2012

நஷ்வா,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. நேற்று அப்பாவின் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. அது முடியட்டும் என்று உடைக்காமல் வைத்திருந்தேன்.

பட்டியலில் யாரும் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். என்னிடம் கேட்கிறார்கள். அன்று போனில் நீ அழத் தொடங்கியதால் நான் முழுவதையும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

டாஸ்மேனியாவில் கொலின் என்று ஒருவர் இருக்கிறார். நாட்டுப்புறக் கிளினிக்குகளில் தடுப்பூசி வைக்கும் குளிர்ப்பெட்டிகளைக் கவனிப்பவர். ஒவ்வொரு குளிர்ப்பெட்டியிலும் எங்கள் புரொசசரை வைத்துத் தானே செய்த ஒரு கருவியைப் பூட்டியிருக்கிறார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை விழித்து வெப்பநிலையைப் பார்க்கும், கூடினால் அவருக்குச் செய்தி அனுப்பும், பிறகு தூங்கிவிடும். பெப்ரவரி வெளியீட்டை ஏற்றிய பிறகு அவை தூங்கின, எழும்பவில்லை. தூக்கம் கலையும்போது மணிக்கூட்டைத் திரும்ப ஓடவைக்க வேண்டிய ஃபங்ஷனைத்தான் நீ வெறுமையாக எழுதி வைத்தாய். உங்கள் சீட்டு இயந்திரங்கள் தூங்குவதில்லை. அதனால் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓட்டிப் பார்த்துவிட்டு, தூங்கவைத்து எழுப்பிப் பார்க்காமல் நான் ஒருநாளும் பெயர் போட்டதில்லை. அது உனக்குத் தெரியும்.

ஒரு கிளினிக்கில் வார இறுதியில் மின்சாரம் நின்றிருக்கிறது. கருவி வாயே திறக்கவில்லை. திங்கட்கிழமை குழந்தைகளுக்குப் போட வைத்திருந்த ஊசி மருந்து முழுவதையும் எறிந்துவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மாரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கொலின் எனக்கு எழுதியதை அப்படியே தருகிறேன்: "பட்டியலில் உங்கள் பெயரைக் கண்டதால் யோசிக்காமல் எல்லாவற்றையும் மாற்றினேன். உங்கள் பெட்டி தூங்கி எழும்பியது எப்படி என்று சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்." அவ்வளவுதான். அந்த மனிதர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இன்றுவரை அவருக்கு நான் பதில் எழுதவில்லை. என் பெட்டி எழும்பியதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ என் பெயரை எழுதிய நேரத்தில் நான் ஸ்பிரிங்வேல் மயானத்தில் அப்பாவுக்கு வாய்க்கரிசி போட்டுக்கொண்டு நின்றேன்.

சோறு கொண்டு வருகிறவர்கள் தங்கள் சட்டியில் கொண்டு வருவார்கள். நீ என் சட்டியில் சமைத்து, நான்தான் சமைத்தேன் என்று ஊருக்கும் சொல்லிவிட்டாய். தின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் நிற்கிறார்கள்.

நான் டண்டினோங்கில் ஒரு லோண்டரியில் ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்பு மடிக்கிறேன். ஐந்து வருடமாக எங்கே விண்ணப்பித்தாலும் "லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்" கேட்கிறார்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் என் பெயர் மட்டும்தான் எனக்கு உள்ள எக்ஸ்பீரியன்ஸ். அதைப் பார்த்துத்தான் கிளேற்றனில் ஒரு கம்பனி ஏப்ரல் இரண்டாம் திகதி இன்ரவியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறது. என்னைக் கேட்காமல் என் பெயரைப் பட்டியலில் எழுதியவர்களை நான் யுத்த காலத்தில் ஊரிலேயே கண்டவள். நீயும் அதைச் செய்வாய் என்று நினைக்கவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பட்டியலுக்கு ஒரு மின்னஞ்சல் எழுது. லக்சிகா இதைச் சோதிக்கவில்லை, அவள் பெயரை எழுதியது நான் என்று. நானே எழுதலாம். நான் எழுதினால் அது கோள் சொல்வதாகிவிடும். நீ எழுதவேண்டும்.

லக்சிகா


லிட்கம்
26 மார்ச் 2012

லக்சிகா,

தடுப்பூசி விஷயம் எனக்குத் தெரியாது. அதை வாசித்துவிட்டுக் குசினியில் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ரினோசாவுக்கு இந்த வருடம்தான் பள்ளிக்கூட ஊசி போட்டோம். அந்தத் தாய்மாரின் முகம் எனக்குத் தெரியாமலே தெரிகிறது.

ஆனால் நீ "ஒரு மின்னஞ்சல்" என்று எழுதியதை வாசித்தபோது கோபமும் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு புழுங்க என்னால் முடியாது.

பட்டியலுக்கு நான் கம்பனி முகவரியிலிருந்துதான் எழுதுகிறேன். எங்கள் இயந்திரங்களை வாங்குகிறவர்களிடம் கிரெக் முதலில் சொல்வதே, எங்கள் எஞ்சினியர் கெர்னலை வெளியீட்டுக்கு முன்பே சோதிப்பவர் என்பதுதான். அந்த எஞ்சினியர் பொய்ச் சோதனை எழுதினாள் என்று அவளே ஊரறிய எழுதினால் என்ன நடக்கும்? நான் இருப்பது 457 விசாவில். ஸ்பொன்சர் அந்தக் கம்பனி. வேலை போனால் இருபத்தெட்டு நாள். அதற்குள் வேறு ஸ்பொன்சர் கிடைக்காவிட்டால் ஸஃப்வானும் ரினோசாவும் நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒபேர்னில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அவருடைய வேலையும் என் விசாவில்தான் தொங்குகிறது. வாடகை ஒப்பந்தம், ரினோசாவின் பள்ளிக்கூடம், அடுத்த வருடம் போடலாம் என்றிருந்த நிரந்தர வதிவிட விண்ணப்பம், எல்லாம்.

உன்னிடம் இந்த நாட்டு நீலப் பாஸ்போர்ட் இருக்கிறது. உண்மை பேசுவது உனக்கு மலிவு, லக்சி. எனக்கு அந்த விலையில் கிடைப்பதில்லை.

கொலினுக்கு நான் தனியாக எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்கிறேன். கருவிகளைச் சரிசெய்ய என்ன உதவி வேண்டுமோ செய்கிறேன். கிளேற்றன் கம்பனிக்காரர் கேட்டால், வீட்டில் மரணம், குழப்பத்தில் பிழை நடந்துவிட்டது என்று சொல். யாரும் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள். மனிதர்கள்தானே.

இன்னொன்று. நீ என் பெட்டி, என் பெட்டி என்று எழுதியிருக்கிறாய். 2009 டிசம்பரில் அந்தப் பெட்டியை உனக்கு வாங்கி அனுப்பியது யார்? உன்னைப் பட்டியலில் சேர்த்துவிட்டது யார்?

இதை எழுதியிருக்கக் கூடாது. வெட்டினால் நீ வெளிச்சத்தில் பிடித்து வாசிப்பாய், அதனால் அப்படியே விடுகிறேன்.

நஷ்வா


நோபல் பார்க்
4 ஏப்ரல் 2012

நஷ்வா,

பெட்டியை உனக்குத் திருப்பி அனுப்புவதற்காகக் கழற்றி, துணி சுற்றி, கதிரையில் வைத்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "அது என்ன பாவம் செய்தது? திருப்பி அங்கினேயே வை" என்றார். வைத்துவிட்டேன். ஆனால் ஓட்டவில்லை. நேற்று வந்த தொகுதியையும் ஓட்டவில்லை. ஐம்பத்தாறு என்று நீ எண்ணிய கணக்கு முடிந்தது.

திங்கட்கிழமை கிளேற்றனுக்குப் போனேன். அம்மா தன் நீலச் சேலையைக் கட்டச் சொன்னார், நான் காற்சட்டைதான் போட்டேன். மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த பெண்மணி என் வயதுதான் இருப்பார். என் சோதனை அறிக்கைகளை அச்செடுத்து வைத்திருந்தார், நஷ்வா. ஒரு கட்டு. சிலவற்றுக்குக் கீழே பென்சிலால் கோடு. தூங்கவைத்து எழுப்பும் சோதனையை ஏன் செய்கிறீர்கள், உங்களைத் தவிர யாரும் செய்வதில்லையே என்று கேட்டார். நான் பேசினேன். இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டது அதுதான் முதல் தடவை. அரை மணித்தியாலம் நான் எங்கே இருக்கிறேன் என்றே மறந்துபோனேன்.

பிறகு பெப்ரவரி வெளியீட்டை எடுத்தார். "இதில் மட்டும் எப்படித் தவறியது?" என்றார்.

வீட்டில் மரணம், குழப்பம் என்று சொல்லியிருக்கலாம். நீ சொன்ன மாதிரி அதற்கு மேல் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அப்படிச் சொன்னால் நான் சோதித்தேன், பிழையாகச் சோதித்தேன் என்றாகிவிடும். அப்பாவின் சாவை எடுத்து இந்தப் பொய்யைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. "நான் அதைச் சோதிக்கவில்லை" என்றேன்.

"அப்படியென்றால் உங்கள் பெயரை யார் எழுதியது?"

"தெரியாது" என்றேன்.

உன் இருபத்தெட்டு நாள் என் வாயில் வந்து நின்றது. ரினோசாவின் பள்ளிக்கூடச் சட்டை வந்து நின்றது. தெரியாது என்று சொன்ன பிறகு அந்தப் பெண்மணி என் அறிக்கைக் கட்டை எடுத்து ஒதுக்கி வைத்தார். தன் பெயர் எப்படி வந்தது என்று தெரியாத ஒருத்தியைச் சோதனை வேலைக்கு யார் எடுப்பார்கள்? நன்றி சொல்லி வாசல்வரை வந்து விட்டார்கள். இன்று காலை மின்னஞ்சல் வந்தது, வேறொருவரைத் தெரிவுசெய்துவிட்டார்களாம்.

உன்னிடம் உண்மை கேட்டவள் நான். எனக்கு உரியதைப் பெறும் நேரம் வந்ததும் பாதி உண்மைதான் என் வாயிலிருந்து வந்தது. நீ மூன்று உயிரை வைத்துக்கொண்டு பயந்ததை நான் மலிவாகப் பேசிவிட்டேன்.

நீ எழுதவேண்டாம். இனி அதனால் எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, உனக்குப் போகப்போவது நிறைய. கொலினுக்கு மட்டும் எழுது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதை எடுத்துக்கொள்ளாதே. களைத்துப்போய்விட்டேன், அவ்வளவுதான்.

லக்சிகா


லிட்கம்
11 ஏப்ரல் 2012

அன்பின் லக்சி,

புதன்கிழமை நீ தபாலில் போட்ட கடிதம், பெரிய வெள்ளி, சனி, ஞாயிறு, ஈஸ்டர் திங்கள் என்று நான்கு நாளும் எங்கோ ஒரு சாக்கில் கிடந்துவிட்டு நேற்றுத்தான் வந்தது. நான் பட்டியலுக்கு எழுதியது வியாழக்கிழமை. உன் "எழுதவேண்டாம்" என்னிடம் வந்து சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு நாள் முந்தி வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னிடம் கேட்காதே. எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

எழுதச் சொல்லி யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை புதுத் தொகுதி வந்தது அல்லவா? நான் பில்ட் பண்ணி என் பெயரை மட்டும் அனுப்பினேன். வியாழக்கிழமை காலை, தவணை முடிகிற நேரம், பட்டியலில் ஒருவர் கேட்டிருந்தார்: "லக்சிகாவின் முடிவு இன்னும் வரவில்லையே, அவருக்காகக் கொஞ்சம் பொறுக்கலாமா?" நீ கண்டிராத, நான் கண்டிராத யாரோ ஒரு மனிதர். உனக்காக வெளியீட்டையே நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், லக்சி. உன் பெயரை எழுதுவது எனக்கு ஒரு சட்டி சோறு கொடுப்பது போல இருந்தது. அதற்கு இவ்வளவு கனம் இருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று காலை வேலைக்குப் போகும்போதே ஸஃப்வானிடம் சொல்லியிருந்தேன், என்றைக்காவது எழுதிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது என. அவர் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஃபோர்க்லிஃப்ட் நம்ம ஊர் புத்தளத்திலயும் ஓடும். நீ சாப்பிடாம, தூங்காம கிடக்கிறத இனியும் பாத்துக்கிட்டு இருக்க ஏலா. எழுதிட்டு வா."

இதுதான் நான் எழுதியது. ஆங்கிலத்தில் எழுதியதை உனக்குத் தமிழில் தருகிறேன்.

"பெப்ரவரி வெளியீட்டில் நான் அனுப்பிய திருத்தத்தில் ‘சோதித்தவர்: லக்சிகா இரத்தினசிங்கம்’ என்ற வரி பொய்யானது. அவர் அதைச் சோதிக்கவில்லை. அவரைக் கேட்காமல் அவர் பெயரை எழுதியது நான். அன்று அவர் தன் தந்தையைத் தகனம் செய்துகொண்டிருந்தார். அந்தத் திருத்தமும் பிழை, அதை எழுதியதும் நான். அவர் இதுவரை தன் பெயரில் அனுப்பிய ஒவ்வொரு சோதனையும் உண்மையானது. அவற்றை நம்பலாம்."

கடைசி இரண்டு வசனத்துக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன்.

கொலின் பதில் போட்டிருந்தார். "சொன்னதற்கு நன்றி. உங்கள் தோழியின் தந்தைக்காக வருந்துகிறேன்" என்று. வேறு ஒரு சொல் இல்லை. மேசையில் தலையைச் சாய்த்து அழுதேன்.

நேற்றுக் காலை கிரெக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. "நீ செய்தது சரி. ஆனால் வாங்குகிறவர்களும் இதை வாசிக்கிறார்கள்" என்றார். பத்து நிமிடத்தில் என் வேலை முடிந்தது. ஒரு காட்போர்ட் பெட்டியில் என் கோப்பையும் ரினோசா கீறிய படமும். வீட்டுக்கு வந்தால் வாசல் தபால் பெட்டியில் உன் கடிதம். நின்றபடியே வாசித்தேன். நீ "தெரியாது" என்று சொன்ன இடத்துக்கு வந்ததும் கையிலிருந்த பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தேன். எனக்காகப் பொய் சொல்லி உன் வேலையை விட்டிருக்கிறாய், அதைச் சொல்லிக்காட்டக்கூட உனக்குத் தெரியவில்லை, விசரி.

இரண்டு இடத்தில் ஸ்பொன்சர் கேட்டிருக்கிறேன். கேட்டதும் பெயரைத் தேடிப் பார்க்கிறார்கள், தேடினால் முதலில் வருவது என் மின்னஞ்சல்தான். மே ஏழாம் திகதிக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டோம். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

இப்போது முக்கியமான விஷயம். நான் எழும்பும்போது கிரெக் கேட்டார், அந்தப் புரொசசரை உண்மையாகச் சோதிக்கத் தெரிந்த வேறு யாரையாவது எனக்குத் தெரியுமா என்று. ஒருத்தியைத் தெரியும், அவள் பெயரை நீங்கள் இப்போதுதான் வாசித்தீர்கள் என்றேன். உனக்கு எழுதுவார். வேண்டாம் என்று எழுதிவிடாதே. நீ வராவிட்டால் வேறு யாரோ அந்தக் கதிரையில் உட்காரப்போகிறார்கள், அதை நினைக்க எனக்கு எரிகிறது.

நஷ்வா


நோபல் பார்க்
20 ஏப்ரல் 2012

அன்பின் நஷ்வா,

உன் கடிதத்தை மூன்று நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தேன். நீ பட்டியலுக்கு எழுதியதை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "அவள் அப்பாவைப் பற்றியும் எழுதியிருக்கிறாள்" என்று மட்டும் சொன்னார். பிறகு எழும்பிப்போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "அந்தப் பிள்ளையைக் கூப்பிடு, நான் கதைக்கவேணும்" என்றார். நான்தான் இன்றைக்கு வேண்டாம் என்றேன். குரலைக் கேட்டால் எழுத வேண்டியதை எழுதமாட்டேன்.

கிரெக் எழுதினார். நான் கேட்காமலே சம்பளத்தையும் எழுதியிருந்தார். இரண்டு தடவை வாசித்தேன், பிறகு மறுத்து எழுத உட்கார்ந்தேன். நீ இழந்ததை நான் எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம் என்று ஒரு பக்கம் எழுதினேன். அம்மா பின்னால் வந்து நின்று, "அவள் குடுத்தது உனக்குத்தானே. வாங்க மாட்டன் எண்டு சொன்னால் அவள் எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்றார். எழுதியதை அழித்துவிட்டேன்.

இந்தக் கிழமை வந்த தொகுதியை ஓட்டினேன். தூங்கவைத்தேன், பத்து நிமிடம் காத்திருந்தேன், எழும்பியது. என் பெயரை எழுதி அனுப்பினேன். அனுப்பமுன் இன்னொரு தடவை தூங்கவைத்து எழுப்பிப் பார்த்தேன். முந்தி ஒருநாளும் இரண்டாம் தடவை பார்த்ததில்லை.

கிரெக்குக்கு ஓம் என்று எழுதிவிட்டேன். மே பதினான்காம் திகதிதான் வருவேன், அதற்கு முன் வரமாட்டேன் என்றும் எழுதினேன். ஏன் என்று கேட்டார். நீ இந்த நாட்டில் இருக்கும்வரை உன் கதிரையில் நான் உட்காரமாட்டேன் என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. பரவாயில்லை என்று எழுதியிருந்தார்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, நஷ்வா. சந்தோசமாகவும் இருக்கிறது. இரவில் அதை நினைத்துச் சிரித்துவிட்டேன், உடனே என்னை நானே அடிக்க வேண்டும் போல இருந்தது. இரண்டையும் சொல்ல எனக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை. அந்தச் செத்தவீட்டுக் கிழமையில் நீ செய்தது பிழை. அதை இனி நான் எங்கேயும் கொண்டுபோய்ப் பேசமாட்டேன், உன்னிடமும் பேசமாட்டேன். மன்னித்துவிட்டேன் என்ற சொல்லை எழுதிப் பார்த்தேன், அது பெரிய மனுசி போல இருந்தது, வெட்டிவிட்டேன். நீ வெளிச்சத்தில் பிடித்து வாசித்துக்கொள்.

லோண்டரியில் ஒரு கிழமை லீவு கேட்டேன். முதலில் இல்லை என்றார்கள். இன்னொரு தடவை கேட்டேன், தந்துவிட்டார்கள். வியாழக்கிழமை பின்னேரம் இங்கிருந்து பஸ் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை, இருபத்தேழாம் திகதி, காலை ஏழு மணிக்கு சிட்னி சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்து நிற்கும். ஸஃப்வானை அனுப்பாதே. நீ வா.

லக்சிகா